இரண்டு பாடங்களும் ஒரு நோயாளியும்

பி.பார்ம். பட்டப்படிப்பின் எட்டாம் பருவத்தில், மூன்றரை ஆண்டுகளாகப் பிறர் வகுத்த பாடங்களையே படித்துவந்த மாணவரிடம் ஒரு பட்டியல் நீட்டப்படுகிறது. விருப்பப் பாடங்கள் பத்து அதில் உள்ளன; அவற்றுள் இரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பும் காரியந்தானே இது, இதில் அறநெறி ஆய்வுக்கு என்ன இடம் இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். திருமணம், துறவறம், வாழ்க்கைத் தொழில் ஆகியவற்றைத் தேர்வது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சிறு தேர்வுகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் மனிதர் பெருந்தேர்வு செய்யும் வேளைகள் வாழ்நாளில் மிகச் சிலவே. எஞ்சிய நாள்களெல்லாம் சிறு தேர்வுகளால் ஆனவை. பெரிய வேளையில் நாம் எப்படித் தேர்வோம் என்பதும் அச்சிறு தேர்வுகளில் பழகிய பழக்கத்தைப் பொறுத்ததே.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். இந்திய பார்மசி கவுன்சில் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி வகுத்த பாடத்திட்டம் 2017-18 கல்வியாண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எட்டாம் பருவத்தில் புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும் ஒரு பாடம். சமூக நோய்த்தடுப்பு சார்ந்த மருந்தியல் மற்றொன்று. இவை அனைவருக்கும் பொது. இவற்றோடு மாணவரே தேர்ந்துகொள்ளும் இரண்டு பாடங்கள். பட்டியலில் மருந்து விற்பனை மேலாண்மை இருக்கிறது. மருந்துச் சட்ட ஒழுங்குமுறை இருக்கிறது. மருந்துகளால் விளையும் தீங்குகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் இருக்கிறது. மூலிகை மருந்துகளின் தரக்கட்டுப்பாடு, கணினிவழி மருந்து வடிவமைப்பு, உயிரணு உயிரியல், அழகுப்பொருள் அறிவியல், பரிசோதனை மருந்தியல், உயர்நிலைக் கருவிமுறைகள், ஊட்டப்பொருள்கள் ஆகியனவும் உள்ளன.

இனி, பாம்பன் தீவில் ஒரு மீனவக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பெண் ஒருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தந்தை விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் வருமானம் இல்லை. தாய் பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர். படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன். இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் இக்கரையின் ஊர்கள் பலவற்றில் உள்ளனர். எந்த இரண்டு பாடங்கள் என்ற கேள்வி அவளுக்கு வெறும் படிவம் அன்று. வீட்டார் கேட்பது ஒன்றே: எதைப் படித்தால் விரைவில் வேலை கிடைக்கும்? கூடப் படிப்போர் கேட்பதும் ஒன்றே: எதில் மதிப்பெண் எளிதாக வரும்?

இக்கேள்விகளை இழிவாகக் கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கடன் தவணையும் தங்கையின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும் வீட்டில் வருமானத்தைப் பற்றி எண்ணுவது பேராசை ஆகாது. அது நான்காம் கட்டளையின் ஒரு பகுதி. ஆனால் வருமானம் எண்ணப்பட வேண்டியது என்பது வேறு. அது மட்டுமே எண்ணப்பட வேண்டியது என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய நம் மெய்யியல் மரபு உதவுகிறது.

தேர்வு என்பது என்ன என்று அரிஸ்டாட்டில் ஆராய்ந்தார். நாம் ஆலோசிப்பது வழிகளைப் பற்றியே, இலக்கைப் பற்றி அன்று என்பது அவர் முடிவு. அவர் காட்டும் எடுத்துக்காட்டே மருத்துவர்தாம். நோயாளியைக் குணப்படுத்தலாமா வேண்டாமா என்று எந்த மருத்துவரும் அமர்ந்து ஆலோசிப்பதில்லை. எவ்வாறு குணப்படுத்துவது என்றே ஆலோசிக்கிறார். குணப்படுத்துவது வேண்டாம் என்று ஆலோசிக்கத் தொடங்கிய கணத்தில் அவர் மருத்துவராக இருப்பதை நிறுத்திவிடுகிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை ஏற்று, மேலும் ஒரு படி சென்றார். மருத்துவக் கலைக்குள் உடல்நலம் இலக்கு. ஆகவே அங்கே அது தேர்வுக்கு உட்பட்டதன்று. ஆனால் ஒரு துறையின் இலக்கு அதனினும் உயர்ந்த இலக்கு ஒன்றிற்கு வழியாக அமையக்கூடும். உடலின் நலம் ஆன்மாவின் நன்மைக்கு வழியாவது போல.

இந்த வேறுபாட்டை நம் பெண்ணின் படிவத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். பார்மசி என்னும் துறைக்குள் அவள் நுழைந்தபோதே அதன் இலக்கு முடிவாகிவிட்டது: நோயுற்ற ஒருவர் சரியான மருந்தைச் சரியான அளவில் தீங்கின்றிப் பெறுதல். பத்துப் பாடங்களும் அந்த ஓர் இலக்கிற்கான பத்து வழிகள். அவள் வாங்கப்போகும் ஊதியமும் ஒரு வழியே. குடும்பம் நலமாக வாழ்வதற்கான வழி. ஆகவே வேலையா, தொண்டா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியன்று. வழிகளுள் ஒன்று தன்னை இலக்காக உயர்த்திக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுகிறதா என்பதே கேட்கப்பட வேண்டியது. ஊதியம் இலக்காகிவிட்டால் நோயாளி வழியாகிவிடுகிறார். இந்த இடமாற்றம் ஓசையின்றி நிகழ்வது. அதன் விளைவோ ஓசையற்றதன்று.

நம் மாநிலத்திலேயே அண்மையில் நிகழ்ந்ததை மறந்துவிட இயலாது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு நூற்றுக்கு 48 பங்குக்கும் மேலாக இருந்தது. இந்நச்சு புதியதன்று. 1937இல் அமெரிக்காவில் இதே பொருள் கலந்த சல்பனிலமைடு மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருந்தில் இது இருக்கலாகாது என்பது ஏறத்தாழ 90 ஆண்டுகளாகப் பாடநூலில் உள்ளது. இருந்தும் குழந்தைகள் இறந்தார்கள் என்றால், குறை அறிவில் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. சோதிக்க வேண்டிய இடத்தில் சோதிக்கப்படவில்லை. தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்கப்படவில்லை. தரக்கட்டுப்பாடு, ஒழுங்குமுறை என்று பட்டியலில் வறட்சியாகத் தோன்றும் சொற்களுக்குப் பின்னால் ஒரு தாயின் மடி இருக்கிறது.

மறுபக்கமும் வரலாற்றில் உண்டு. தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களும் அதை உட்கொண்டனர். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கோரிய விண்ணப்பம் 1960இல் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரியின் மேசைக்கு வந்தது. அவர் அப்பணியில் சேர்ந்து ஓரிரு மாதங்களே ஆகியிருந்தன. மருந்தின் பாதுகாப்புக்குத் தரப்பட்ட சான்று போதாது என்று கூறி, நிறுவனத்தின் நெருக்குதலுக்கு இணங்காமல் மீண்டும் மீண்டும் விளக்கம் கேட்டார். அந்தக் கேள்விகளால் எத்தனையோ குழந்தைகள் முழு உறுப்புகளோடு பிறந்தன. அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு காகிதத்தில் கையொப்பமிட மறுத்தார். ஒழுங்குமுறை அறிவியல் என்ற பாடம் அடிப்படையில் கற்பிப்பது இந்த மறுப்பைத்தான்.

நம் கரைக்குத் திரும்புவோம். மூலிகைத் தரக்கட்டுப்பாடு என்றவுடன் மலைச்சாரலே நினைவுக்கு வருகிறது. ஆனால் மன்னார் வளைகுடாவும் ஒரு மருந்துத் தோட்டமே. இங்குப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது; கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கிறது. 1880களின் தொடக்கத்தில் பானி ஹெஸ் என்ற இல்லத்தரசி சொன்ன யோசனையால் அகர் நுண்ணுயிரிகளை வளர்க்கும் ஊடகமாக ஆய்வகத்திற்குள் நுழைந்தது. இன்றும் மருந்தில் கிருமி உண்டா என்று சோதிக்கும் தட்டில் உறைந்திருப்பது அதுவே. கல்லூரி ஆய்வகத்தில் நம் பெண் கையிலெடுக்கும் கண்ணாடித் தட்டும், அவள் தாய் கரையில் உலர்த்தும் பாசியும் ஒரே பொருளின் இரு முனைகள். இடையில் உள்ள வணிகச் சங்கிலியில் அதிகம் உழைப்பவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது.

1986இல் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதன்பின் தீவுகளை அணுகிப் பாசி எடுப்பது சட்டச் சிக்கலாயிற்று. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் தாமே எடுக்கும் நாள்களைக் குறைத்துக்கொண்டு கடலையும் பிழைப்பையும் சேர்த்துக் காக்க முயன்றனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றார். வேறு வகையான கதையும் உண்டு. அயலகத்திலிருந்து வந்த கப்பாபைகஸ் என்னும் பாசி வளர்ப்பு இக்கரையில் பலருக்கு வருமானம் தந்தது. மக்கள் அதைப் பெப்சிப் பாசி என்றே அழைத்தனர். அதே பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்து அவற்றை மூடியதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவுசெய்தனர். மருந்துக்கான மூலப்பொருள் எங்கிருந்து, யார் கையால், எதை அழித்து அல்லது காத்து வருகிறது என்று கேட்பதும் தரக்கட்டுப்பாட்டின் பகுதியாக வேண்டும். அக்கேள்வியைக் கேட்க இக்கரையில் பிறந்த மாணவரைவிடத் தகுதியானவர் யார்?

பார்மகோவிஜிலன்ஸ் பாடத்தையும் இவ்வாறே நம் தெருவில் வைத்துப் பார்க்கலாம். வலை இழுத்து வலியெடுத்த தோளுக்குச் சீட்டின்றி வாங்கும் வலி மாத்திரை; அண்டை வீட்டாருக்கு எழுதிக் கொடுத்ததைத் தாமும் விழுங்குதல்; முகம் வெளுக்கும் என்று ஸ்டீராய்டு களிம்பைப் பூசுதல். இவை நாம் அறிந்த காட்சிகள். பின்னர்த் தடிப்போ, வீக்கமோ, வயிற்றில் இரத்தமோ வந்தால் அது நம் விதி என்று அமைந்துவிடுகிறோம். அது விதியன்று, பதிவுசெய்யப்பட வேண்டிய செய்தி என்று கற்பிப்பது இப்பாடம். இந்தியாவில் இதற்கென 2010இல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆயினும் மீனவக் கிராமத்து மூதாட்டிக்கு அந்த எண்ணைச் சொல்லி, அவருடைய பேச்சுமொழியில் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும்.

அப்படியானால் விற்பனை மேலாண்மை தாழ்ந்த பாடமா? இல்லை. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பி.பார்ம்., டி.பார்ம். படித்தோர் மூன்று இலட்சம் ரூபாய் மானியத்தோடு அவற்றை நடத்த முன்வரலாம். மலிவு விலையில் மருந்து தரும் கடையும் இருப்புக் கணக்கும் கொள்முதல் அறிவும் இன்றி ஓராண்டு நிலைக்காது. நன்மை செய்யவும் வணிகம் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் அளித்து மருந்தை எழுதச் செய்யும் வழக்கத்தைத் தடுக்க 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டது. அவ்விதி ஏன் தேவைப்பட்டது என்பதையும், அதைக் கடைப்பிடித்தும் எப்படி விற்பது என்பதையும் சேர்த்துப் படித்தால் விற்பனைப் பாடமே ஓர் அறப்பாடமாகிவிடும்.

ஆக, பத்துப் பாடங்களில் எதுவும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ அன்று. இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். எல்லாமே நல்லவை என்றால் தேர்வுக்குப் பொருள் என்ன? சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளலாமே? மேலும், பல கல்லூரிகளில் ஆசிரியர் இருப்பதைப் பொறுத்து இரண்டே பாடங்கள் நடத்தப்படுகின்றன. வகுப்பு முழுவதும் அவற்றையே எழுதிக் கொடுக்கிறது. இதில் விருப்பம் எங்கே இருக்கிறது?

இரண்டாவது மறுப்பில் உண்மை உண்டு. தேர்வதற்கு வழியில்லாத ஒன்றை விருப்பம் என்று பெயரிட்டு மாணவரிடம் கையொப்பம் வாங்குவது சிறிய பொய்தான். ஆனால் மருந்துத் துறைக்குச் செல்லும் இளைஞருக்கு முதன்முதலில் கற்பிக்கக் கூடாதது, உண்மையல்லாத படிவத்தில் கையொப்பமிடுவதே. கல்லூரிகளை நடத்துவோர், திருச்சபை சார்ந்த நிறுவனங்கள் உட்பட, இதைச் சிந்திக்க வேண்டும். நான்கு பாடங்களையாவது உண்மையாகத் திறந்துவைக்க இயலாதா என்று பெற்றோரும் கேட்க வேண்டும்.

முதல் மறுப்புக்கு விடை, தேர்வின் பொருள் பாடத்தில் மட்டும் இல்லை, தேர்பவரின் பார்வையிலும் இருக்கிறது என்பது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். முடித்தபின் தமக்கு உரியது பொறியியலே என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அவருடைய தமக்கை தம் நகைகளை அடகு வைத்தார். விமானி ஆகவேண்டும் என்ற விருப்பமும் நிறைவேறவில்லை. எட்டுப் பேர் தேவைப்பட்ட தேர்வில் ஒன்பதாம் இடமே அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் ஏவுகணைக்காகச் செய்யப்பட்ட இலேசான கலவைப்பொருள், ஐதராபாத்தில் போலியோவால் கால் நலிந்த குழந்தைகளுக்கு ஊன்றுகட்டுகள் ஆயிற்று. மூன்று கிலோ எடையை இழுத்து நடந்த பிள்ளைகள் முந்நூறு கிராம் எடையோடு நடந்தார்கள். ஏவுகணைப் பாடத்தைத் தேர்ந்தபோது ஊன்றுகட்டு எவர் திட்டத்திலும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் குழந்தையின் காலைப் பார்த்தபோது, தம் கையில் இருந்த பொருளை அதனோடு இணைத்துக் காணும் கண் இருந்தது. பாடம் கருவியைத் தருகிறது. கண்ணை நாமே பேணி வளர்க்க வேண்டும்.

எனவே படிவத்தை நிரப்புமுன் மூன்று கேள்விகளை இளைஞர்கள் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது, புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் காட்டும் வழி: முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து நின்றால், அவருடைய நன்மையை மட்டும் நாடி என்ன அறிவுரை சொல்வோம்? அந்த அறிவுரையை நாமே ஏற்கத் தயங்கினால், தயக்கத்தின் பெயர் என்ன? இரண்டாவது, ஆசிரியர் துணையின்றிப் பின்னாளில் தாமே படித்துக்கொள்ள இயலாதது எது? எளிதாகப் படிக்கக்கூடியதை மதிப்பெண்ணுக்காக எடுத்து, வழிகாட்டி இருக்கும்போதே கற்க வேண்டியதை விட்டுவிடுவது நட்டக் கணக்கு. மூன்றாவது, இப்பாடம் யாருடைய நோயின் அருகில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்? ஒரு முகத்தைக்கூட நினைத்துப் பார்க்க முடியாவிட்டால், நாம் இன்னும் தேர்வு செய்யவில்லை; ஒதுங்கிக்கொள்கிறோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து தருபவன் என நான்கு கூறுகளை எண்ணி முடிகிறது. மருந்தாளுநரை நாம் அந்த நான்காமவரின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் இல்லையெனில் முதல் மூன்றும் ஒன்றையொன்று சேர்வதில்லை.

பாம்பன் தீவுப் பெண்ணுக்கு நாம் என்ன சொல்வோம்? இரண்டு பாடம் எடுக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று மனச்சான்றுக்கு என்று பங்கிட்டுக்கொள் எனச் சொல்லத் தோன்றும். விற்பனை மேலாண்மையும் பார்மகோவிஜிலன்சும் சேர்ந்த இணை நல்லதே. ஆனால் பங்கீடு என்ற எண்ணத்தோடு அன்று. மனச்சான்றுக்கெனத் தனிப் பாடம் ஒன்றை ஒதுக்கியவர் மற்றப் பாடத்தில் மனச்சான்றுக்கு விடுமுறை அளித்துவிடுவார். மருந்தின் தீங்குகளைப் படித்த கண்ணோடு மருந்து விற்பனையையும் படிக்க வேண்டும். அப்போது எதைச் சொல்லி விற்கலாகாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். கடன் அடையும், வேலையும் கிடைக்கும். ஒருநாள் கணக்குக் காட்டச் சொல்லும் மேலதிகாரியும் மருந்துச் சீட்டோடு நிற்கும் மூதாட்டியும் ஒரே வேளையில் அவள் முன் நிற்பார்கள். யாரை முதலில் பார்ப்பது என்று அவள் அன்று ஆலோசிக்க வேண்டியிராது. எட்டாம் பருவத்திலேயே அதைத் தேர்ந்திருப்பாள்.